டிரிப் ஷீட்டில் இல்லாத தெரு

என் வண்டியில் ஏறிய ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடு ராத்திரியில் வந்தவள், சேரப்பணஞ்சேரி மெயின் ரோட்டில் இறக்கிவிடப்பட்டு, ஏரிக்கரையோரம் ஒன்றரைக் கிலோமீட்டர் தனியாக நடந்து ரூமுக்குப் போனாள். கையில் செல்போன் வெளிச்சம் மட்டும். மறுநாள் என் ஆபீசுக்கு வந்து, இனிமேல் இப்படித்தான் என்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொன்னாள். இது நடந்து சில மாதம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஒரகடம் டீக்கடைகளில் என்ன பேசினார்கள் என்பது என் காதுக்கும் வந்தது. கிழவன் ஏஐ வாங்கி வைத்தான், அது அவனைக் கவிழ்த்துவிட்டது என்று சிரித்தார்களாம். சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கிளீனராக இருந்து தொழில் கற்றவர்கள். கவிழ்த்தது எது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நான் சொல்ல, என் மகள் டைப் அடித்தாள். ஒரு வார்த்தையைக்கூட அழகுபடுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மணிமங்கலத்தில் செங்கல் லாரிக்குக் கிளீனராக ஏறியவன், குன்றத்தூருக்கும் படப்பைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டி, ஒரு பழைய வேன் வாங்கி, இன்றைக்கு முப்பத்துநான்கு வண்டிக்கு முதலாளி. இந்தப் பக்கம் முதல் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கொத்தனார்களையும் சித்தாள்களையும் ஏற்றிப்போனது என் வண்டி. அந்தக் கம்பெனியில் லைன் ஓட ஆரம்பித்த முதல் நாள் ஆட்களைக் கொண்டுபோய் கேட்டில் இறக்கியதும் என் வண்டிதான். என் வண்டி கேட்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது என்றால், அன்றைக்கு வேறு யாருடைய வண்டியும் வரவேயில்லை என்று அர்த்தம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மை.

தொழில் ரொம்பச் சுலபமாகத் தெரியும். கம்பெனி ஆள் லிஸ்ட் தரும். யார் எந்த ஷிப்ட், எந்த ஸ்டாப்பில் ஏறுவார், எங்கே இறங்குவார் என்று அதில் இருக்கும். நாங்கள் வண்டி பிரித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு டிரிப் ஷீட் உண்டு. எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நின்றது என்று டிரைவர் எழுதி, கேட் செக்யூரிட்டியிடம் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் டிரிப் ஷீட், வண்டி கிளம்பும் முன்பே எழுதி முடிந்திருக்கும். ஷெட்டில் ஒருத்தர் மேஜை போட்டு உட்கார்ந்து முப்பத்துநான்கு வண்டிக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். ஒப்பந்தத்தில் என்ன ஸ்டாப், என்ன நேரம் இருக்கிறதோ அதுதான் ஷீட்டில் இருக்கும். வண்டி உண்மையில் எங்கே போனது, எத்தனை மணிக்குப் போனது என்பது வேறு கதை. இது என் உத்தரவு. ஒவ்வொரு டிரைவரையும் வேலைக்குச் சேர்க்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: பேப்பரில் அவர்கள் கேட்பதைக் கொடு, ரோட்டில் நான் சொல்வதைச் செய்.

ரோட்டில் நான் சொன்னது என்ன? இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்பிள்ளைகளை வாசலில் இறக்கு என்று சொன்னேன். ஒப்பந்தத்தில் மெயின் ரோடு பஸ் ஸ்டாப் என்றுதான் இருக்கும். தெருவுக்குள் போனால் அது ரூட் மீறல். எவன் வீட்டுக் கூரையாவது இடிபட்டால், எந்தப் பள்ளத்திலாவது டயர் இறங்கினால் யார் பதில் சொல்வது என்று கம்பெனிக்காரர்களுக்குப் பயம். ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். தென்காசி, சங்கரன்கோவில், ராமநாதபுரம். மெயின் ரோட்டில் வாடகை கட்டுப்படியாகாமல் உள்ளே, கடைசித் தெருவில், மூன்று பேர் நான்கு பேராக ரூம் எடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களை ரோட்டில் விட்டுவிட்டு வர என் மனசு ஒப்பவில்லை. கம்பெனியில் போக்குவரத்தைப் பார்க்கிற அதிகாரியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். அவரும் உள்ளே போங்கள், பேப்பரில் மட்டும் வேண்டாம் என்று வாய்வார்த்தையாகவே சொன்னார். அப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. இந்த ரூட்டில் பெண்பிள்ளைகளை வாசலில் இறக்குகிற ஒரே ஆள் நான்தான் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லத்தானே செய்தேன். எழுதவில்லை.

போன வருஷம் என் மகள் ஆபீசைப் பார்த்துக்கொள்ள வந்தாள். இன்ஜினியரிங் படித்தவள், சென்னையில் வேலை பார்த்தவள். அவள்தான் ஏஐ உதவியாளர் வைக்கலாம் என்றாள். ஆள் லிஸ்ட்டைக் கொடுத்தால் அது வண்டி பிரிக்கும், டிரைவர் போனுக்கு ஷீட் அனுப்பும், வண்டி எங்கே என்று ஆட்கள் கேட்டால் வாட்ஸ்அப்பில் அதுவே பதில் சொல்லும். டிரைவர் பாதை மாறினால் போனில் சத்தம் போடும். கம்பெனியும் இந்த மாதிரி ஏதாவது வையுங்கள் என்று எல்லா வண்டிக்காரர்களுக்கும் மெயில் போட்டிருந்தது.

விற்க வந்தவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். உங்கள் தொழில் நடைமுறை எழுத்தில் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்கு இரண்டாவது டீ சொல்லவில்லை.

என் மகள் சிரிக்கவில்லை. அவள் என்னிடம் தனியாகப் பேசினாள்.

"அப்பா, அது புதுசா வேலைக்குச் சேர்ற ஆளு மாதிரி. நாம எத சொல்றமோ அதான் அதுக்குத் தெரியும். எனக்கு ரெண்டு வாரம் குடு. ஒவ்வொரு டிரைவரையும் உக்காரவெச்சு, நிஜமா இன்னா பண்றாங்கன்னு கேட்டு எழுதிடறேன். அப்புறம் ஆரம்பிக்கலாம்."

"புது டிரைவர்னா ரெண்டு நாள் பக்கத்து சீட்ல உக்காந்து பாத்துக் கத்துக்குவான். இத எந்த சீட்ல உக்கார வெக்கறது?" என்றேன்.

"அதுக்குத்தான் எழுதணும்னு சொல்றேன்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் உருவாக்கிய தொழிலை என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களிடம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? என்னிடம் ஃபைல் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்து டிரிப் ஷீட், வருஷவாரியாகக் கட்டி அலமாரியில் அடுக்கி வைத்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஆடிட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டிவிட்டுப் போன ஃபைல். அதைத் தூக்கிக் கொடு, படிக்கட்டும் என்று சொன்னேன். அவள் இரண்டு முறை வாதாடிப் பார்த்தாள். பிறகு ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தாள்.

முதல் வாரம் எல்லாம் பிரமாதம். காலையில் நான் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி பிரித்து முடிந்திருந்தது. வண்டி எங்கே, எத்தனை நிமிஷத்தில் வரும் என்று இருபது பேர் கேட்டால் இருபது பேருக்கும் பதில் போனது. மற்ற வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்தாவது படித்தவன் வைத்திருக்கிறேன், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். 

சேரப்பணஞ்சேரி ரூட்டில் பதினொன்றாம் நம்பர் வண்டி ஓட்டுகிறவர் படப்பைக்காரர். ஒன்பது வருஷமாக என்னிடம் இருக்கிறார். அவர் பழக்கம், பிள்ளை கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கு எரிகிற வரைக்கும் வண்டியை நகர்த்த மாட்டார். இரண்டாவது வாரம் அவர் மச்சினி கல்யாணத்துக்காக அரக்கோணம் போனார். முன்பெல்லாம் ஒருத்தர் லீவு போட்டால் மாற்று டிரைவரை ஷெட்டில் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, இங்கே உள்ளே போ, அங்கே ஹாரன் அடிக்காதே என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். இந்த முறை அதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஏஐ தானே மாற்று டிரைவரைப் போட்டது. தானே அவர் போனுக்கு ஷீட்டை அனுப்பியது. யாரும் யாரிடமும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை நடந்தாள்.

புதன்கிழமை மதியம் அவள் என் ஆபீசுக்கு வந்தாள். ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். இருபத்திரண்டு வயது இருக்கும். கூட ரூமில் இருக்கிற இரண்டு பேரும் வேறு ஷிப்ட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, உள்ள போகணும்னு டிரைவர் அண்ணன்ட்ட சொன்னேன். ஷீட்ல இல்லம்மா, தாண்டிப் போனா போன் கத்தும்னு சொல்லி எறக்கி விட்டுட்டாரு. நடந்துதான் போனேன். மூணு நாய் பின்னாலயே வந்துச்சு. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்துன பொறவுதான் அழுதேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"எங்கம்மாட்ட இன்னும் சொல்லல. சொன்னா அடுத்த பஸ்ஸுல வந்துருன்னுவா. போனா மாப்பிள பாத்துருவாங்க, அதோட முடிஞ்சுச்சு. இந்த வாரம் மிச்ச நாளைக்கு ஒருத்திகிட்ட ஷிப்ட் மாத்திக்கிட்டேன். திங்கக்கெழமைக்கு மேல மாத்த முடியாது. அன்னைக்கு வண்டி உள்ள வராதுன்னா சொல்லிருங்க. நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்."

வண்டி வரும், நான் சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. என் சொல்லைக் கேட்டு நம்பாமல் ஒருத்தர் என் ஆபீசை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

மாற்று டிரைவரை வரச்சொன்னேன். வந்தவரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் நிதானமாகச் சொன்னார்.

"மொதலாளி, ஷீட்ல இன்னா இருந்துச்சோ அத்தான் செஞ்சேன். புது சிஸ்டத்துல கை வெக்காத, அது சொல்றபடி ஓட்டுன்னு நீங்கதான சொன்னீங்க. நான் உள்ள போயிருந்தா, ஏன்டா போனன்னு இதே எடத்துல நிக்க வெச்சிருப்பீங்க."

 நான் சொன்னதை எனக்கே ஒருத்தர் திருப்பிச் சொன்னால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். மகளைக் கூப்பிட்டேன். கேள் அதை, ஏன் ஒரு பெண் பிள்ளையை ரோட்டில் இறக்கினாய் என்று கேள் என்றேன். அவள் கேட்டாள். திரையில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். இந்த வண்டி மெயின் ரோட்டைத் தாண்டிப் போனதாகத் தன்னிடம் ஒரு பதிவும் இல்லையாம். கொடுத்த எல்லா டிரிப் ஷீட்டிலும் கடைசி ஸ்டாப் மெயின் ரோடுதானாம். இதற்கு மாறாக வழக்கம் ஏதும் இருந்தால் தெரிவித்தால் சேர்த்துக்கொள்ளுமாம். அதில் மரியாதை வேறு.

"பன்னெண்டு வருஷம் வாசல்ல எறக்கியிருக்கேன். பொய் சொல்லுது பாரு," என்றேன்.

"நாம குடுத்த பொய்யத்தான்பா அது சொல்லுது," என்றாள் என் மகள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பது வேறு. எழுந்து வெளியே போய் வண்டிகளுக்கு நடுவில் நின்றேன். பொய்யாம். யாருக்காக எழுதிய பொய்? எனக்கா? கம்பெனி பேப்பர் கேட்டது, கொடுத்தேன். ஆடிட்டர் சுத்தமான பேப்பர் கேட்டார், கொடுத்தேன். அவர்கள் எல்லோரும் தெரிந்தே வாங்கிக்கொண்டு பாராட்டினார்கள். இதில் நான் செய்த குற்றம் என்ன என்று ஷெட்டில் இருந்த டயர்களைப் பார்த்துக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று மட்டும் உறுத்தியது. என் ஃபைலை நம்பின ஒரே ஆள் இந்த ஏஐதான். மற்ற எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும்.

மறுநாள் காலையில் மகளிடம் போய், நீ கேட்ட இரண்டு வாரத்தை மூன்று நாளில் முடிக்க முடியுமா என்றேன். எதற்கு மூன்று நாள் என்று அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்கும் தெரியும்.

டிரைவர்கள் வாய் திறக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நம் தலையில்தான் விடியும் என்று அவர்களுக்குள் பேச்சு. பன்னிரண்டு வருஷமாக எழுதாதே, எழுதாதே என்று நான் சொல்லிக் கொடுத்த பாடம் அப்படி ஏறியிருந்தது. கல்யாணம் முடித்துத் திரும்பியிருந்த படப்பைக்காரர்தான் என் மகளை வண்டிக்குள் ஏறச் சொல்லி, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயிலுக்கு மடக்குகிற அட்டையை இழுத்துக் காட்டினார். அதன் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் பொடியாக எழுதியிருந்தது. எந்தத் தெரு, எந்த வீடு, எங்கே நாய் இருக்கிறது, எங்கே கைக்குழந்தை தூங்கும், ஹாரன் அடிக்கக் கூடாது. எல்லா வண்டியிலும் இப்படி ஒரு அட்டை இருந்தது. என் தொழில் என் தலையில் இருக்கிறது என்று அந்த விற்பனைக்காரரிடம் காட்டினேனே, பாதி என் தலையிலும் இல்லை, வெயில் அட்டையின் பின்னால் இருந்தது.

மகள் வண்டி வண்டியாக ஏறி போட்டோ எடுத்தாள். முப்பத்துநான்கில் இருபத்தொன்பது வண்டி ஷீட்டில் இல்லாத ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ஒரு வண்டி மாசமாக இருக்கிற ஒரு பெண்ணைக் காலையில் வாசலுக்கே போய் ஏற்றி வந்தது. மணிமங்கலம் போகிற வண்டி, கால் ஊனமான ஒருவருக்காக இரண்டு நிமிஷம் கூட நின்றது. இவற்றில் ஒன்றுகூட நான் சொல்லிச் செய்ததில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. என் உத்தரவால்தான் எல்லாம் நடக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எல்லோரையும் ஷெட்டில் உட்காரவைத்தேன். ஷிப்ட் இடைவெளியில் வந்தவர் வந்தபோது சொன்னார்கள், மகள் எழுதினாள். குன்றத்தூர் ரூட் டிரைவர் கிண்டலாகக் கேட்டார்.

"அப்போ பிரியாணிக் கட வாசல்ல பத்து நிமிஷம் நிக்கறதையும் எழுதணுமா மொதலாளி?"

"எழுது. எந்தக் கடன்னும் எழுது. நாளைக்கு நானும் வரேன்."

அன்றைக்கு முதல் முதலாக எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தார்கள்.

என் பங்கை நான் சொன்னேன். இரண்டாம் ஷிப்ட் பெண்பிள்ளைகளை வாசலில் இறக்கு என்று எழுது என்றேன். மகள் விடவில்லை. வாசல் என்றால் எந்த வாசல், சந்துக்குள் வண்டி நுழையாத வீட்டுக்கு எதுவரைக்கும், இறங்கியதும் கிளம்பிவிடலாமா, வண்டியில் அவள் ஒருத்தி மட்டும் இருந்தால் என்ன, ஷீட்டை மாற்ற யாருக்கு அதிகாரம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். இதெல்லாம் மனுஷனுக்குத் தானாகத் தெரியும் என்று கத்தினேன். செவ்வாய்க்கிழமை ஓட்டினதும் மனுஷன்தான் என்றாள். வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னேன். நான்கு பக்கம் வந்தது. என் ஒப்பந்தமே மூன்று பக்கம்தான்.

அந்த நான்கு பக்கத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கம்பெனிக்குப் போனேன். ஷீட் அவர்களுக்கும் போகும், மறைத்துச் செய்ய இனி வழியில்லை. அதே போக்குவரத்து அதிகாரி. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பெண்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று பெரிய எழுத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஐயா, இத்தன வருஷம் நல்லாத்தான போய்க்கினு இருந்துச்சு. இப்ப ஏன் எழுத்துல கொண்டாறீங்க? எழுத்துல வந்தா நான் மேல அனுப்பணும். மேல போனா வேணாம்னுதான் வரும். வாயால வெச்சுக்கலாம்."

"வாயால வெச்சதாலதான் சார் ஒரு புள்ள நடந்துச்சு."

"அது எனக்குத் தெரியாது. நான் இந்தப் பேப்பரப் பாக்கவும் இல்ல."

பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டார். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்கிற மனிதரை என்ன செய்வது? என் வாழ்க்கையில் போலீஸ்காரனைப் பார்த்திருக்கிறேன், ஆர்டிஓ ஆபீசைப் பார்த்திருக்கிறேன். எவனும் இவ்வளவு மரியாதையாக என்னைக் கேவலப்படுத்தியதில்லை. ஒரு நிமிஷம் அவர் முகத்தில் என் முகம் தெரிந்தது என்று மகளிடம் பிறகு சொன்னேன். பேப்பரில் வேண்டாம் என்பது நானும் சொன்னதுதானே. அந்த நினைப்பு வந்ததும் அவர் மேல் இருந்த கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றபடியே மகளை விட்டு அந்த நான்கு பக்கத்தையும் அவருக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் மெயில் அனுப்பச் சொன்னேன். ரூட் மீறல் என்று சொல்லி வண்டியை நிறுத்தினால் நிறுத்திக்கொள்ளட்டும், எழுத்தில் நிறுத்தட்டும் என்று அதில் ஒரு வரி என்னுடையது. இன்று வரைக்கும் பதில் வரவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை.

திங்கட்கிழமை மதியம், ஷிப்ட் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவள் வந்தாள். தோளில் பெரிய பை. ஜிப் மூட முடியாமல் துணி பிதுங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிற பை. அதைக் கீழே வைக்காமலே நின்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது, வண்டி உன் வாசலுக்கு வரும், நான் சொல்கிறேன், போய் வேலையைப் பார் என்றேன்.

"இத்தன நாளும் நீங்க வாயால சொல்லித்தான அண்ணாச்சி வண்டி உள்ள வந்துக்கிட்டு இருந்துச்சு? போன வாரம் வரலல்லா?" என்றாள். "நான் அதுகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

இந்த ரோட்டில் என் சொல்லுக்கு மேலே ஒரு சொல் கிடையாது. என் ஆபீசில், என் எதிரில், என்னை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை செல்போனை எடுத்து ஏஐயிடம் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகள் என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

இன்றைக்கு ஷிப்ட் முடிந்து வண்டி எங்கே இறக்கும் என்று கேட்டாள். அவள் தெருவைச் சொல்லி, வீட்டு வாசலில், உள்ளே போய் விளக்கு எரிந்த பிறகுதான் வண்டி கிளம்பும் என்று பதில் வந்தது. டிரைவர் புது ஆளாக இருந்தால் என்று கேட்டாள். அவருடைய ஷீட்டிலும் இதுவே இருக்கும், காட்டச் சொல்லிப் பார்க்கலாம் என்று வந்தது. டிரைவர் முடியாது என்று சொன்னால் என்று கேட்டாள். வண்டியிலிருந்து இறங்க வேண்டாம், இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று ஆபீஸ் நம்பர் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் சத்தமாகப் படித்தாள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் இறங்கிக்கொண்டு வந்தது. அந்த வரிகள் எல்லாம் நான் கத்திக்கொண்டே சொன்ன வரிகள்.

பிறகு அவள் கேட்டாள், வண்டி வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டால்?

இதற்குத் தனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை, ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. அதே நொடியில் மகளின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் சத்தம் கொடுத்தது. அந்தக் கேள்வி எங்களிடமே வந்து நின்றது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"என் கார எடுத்துக்கினு நானே வருவேன்," என்றேன். வாயில் வந்துவிட்டது. எனக்கு அறுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

"அத எழுதச் சொல்லுங்க," என்றாள்.

மகள் விரலைக் கீபோர்டில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். நிஜமாகவா என்று கேட்கிற பார்வை. எழுது என்றேன். என் சொந்த நம்பரையும் போடு, எந்த நேரமாக இருந்தாலும் என்றும் போடு என்றேன். அவள் அடித்து முடித்தாள். அந்தப் பிள்ளை அதே கேள்வியை மறுபடி கேட்டாள். என் நம்பரோடு பதில் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு செல்போனைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரமாகிவிட்டது என்று வெளியே பதினொன்றாம் நம்பர் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் தோளிலிருந்து அந்தப் பெரிய பையை இறக்கி என் மேஜைக்குப் பக்கத்தில், சுவரோரமாக வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டும் அண்ணாச்சி. பொறவு எடுத்துக்கிடுதேன்," என்றாள்.

ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டு வர நேரமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் அதை எடுக்க வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. பை அங்கேயே இருந்தது, பெருக்குகிற அம்மா அதைச் சுற்றிப் பெருக்கினார். மூன்று நாள் வண்டி அவள் வாசல் வரைக்கும் போய் வந்த பிறகு, வியாழக்கிழமை மதியம் வந்து அதை ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.